பலகையில் ஏறாத காயம்



வளைகுடா நாடொன்றின் எண்ணெய் நிறுவனத்தில், சுற்றுச்சூழல், உடல்நலம், பாதுகாப்பு ஆகிய மூன்றையும் கவனிக்கும் பிரிவில் நாங்கள் நால்வர் பல ஆண்டுகள் பணியாற்றினோம். நால்வரும் ஒரே ஊர்க்காரர்கள். ஒரே அறை, ஒரே சமையல். ஊரில் விசாரிப்பவர்களிடம் “சேஃப்டியில் இருக்கிறோம்” என்போம். தலைக்கவசம் அணியாதவரை அதட்டுகிற வேலை என்றே பலரும் எண்ணிக்கொண்டார்கள். உண்மையில் எங்கள் நாளின் பெரும்பகுதி எண்களோடு கழிந்தது.

ஆலையின் வாயிலில் பெரிய பலகை ஒன்று நின்றது. வேலையிழப்புக் காயம் ஏதுமின்றிக் கடந்த மணிநேரத்தை அது காட்டும். அடிபட்ட ஒருவர் மறுநாள் வேலைக்கு வர இயலாமற்போனால் அது வேலையிழப்புக் காயம். பலகை பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். முதலுதவியோடு முடிந்துவிட்டால் கணக்கில் ஏறாது. இதனோடு காய விகிதம் என்றும் ஒன்று உண்டு. பதிவுக்குரிய காயங்களின் எண்ணிக்கையை 2,00,000 ஆல் பெருக்கி, எல்லோரும் உழைத்த மொத்த மணிநேரத்தால் வகுக்க வேண்டும். 100 பேர் வாரத்துக்கு 40 மணிநேரம், ஆண்டுக்கு 50 வாரம் உழைத்தால் வரும் தொகைதான் அந்த 2,00,000. எண்ணெய்ச் சிந்தலுக்கும் எங்களிடம் ஓர் எல்லை இருந்தது: ஒரு பீப்பாய், அதாவது சுமார் 159 லிட்டர். அதற்குக் குறைவாகச் சிந்தியது மாத அறிக்கைக்குப் போகாது. மணலை அள்ளிப் போட்டு மூடிவிட்டு நகர்ந்த நாள்களும் உண்டு.

எண்கள் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பல ஆயிரம் பேர் உழைக்கும் இடத்தில், எங்கே தவறுகிறோம் என்பதை எண்ணாமல் அறிய இயலாது. ஆனால் காயங்களைக் குறைத்தாலும் அந்த எண் இறங்கும். எழுதுவதைக் குறைத்தாலும் இறங்கும். தூரத்திலிருந்து பலகையைப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

ஒரு வருடம், ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஷட்டவுன் காலம். பலகை 20 லட்சம் மணிநேரத்தை எட்ட இரண்டே நாள்கள் இருந்தன. எட்டினால் எல்லோருக்கும் விருந்து. தலைக்கு ஒரு பரிசுத்தொகையும் அறிவிக்கப்பட்டிருந்தது. அன்று பிற்பகல் ஒப்பந்தத் தொழிலாளர் ஒருவர், இரும்பு நடைத்தளத்தில் கால்வைத்தபோது அதன் கிரேட்டிங் சற்றே நகர, விழுந்து மணிக்கட்டில் அடிபட்டார். எலும்பில் விரிசல். மேலாளர் எங்களிடம் எதையும் கட்டளையிடவில்லை. “முதலுதவிதானே?” என்று மட்டும் கேட்டார். நாங்களும் அப்படியே எழுதினோம். மறுநாள் அதிகாலைப் பேருந்தில் அந்தச் சகோதரர் கட்டுப்போட்ட கையோடு வந்தார். அலுவலக அறையில் ஒரு நாற்காலியில் மாலைவரை சும்மா அமர்ந்திருந்தார். வேலைக்கு வந்துவிட்டார் அல்லவா? பலகை நிற்கவில்லை. விருந்தும் நடந்தது, நாங்களும் பிரியாணி உண்டோம்.

முதலுதவி என்று எழுதியதனால் விசாரணை நடக்கவில்லை. விசாரணை நடக்காததனால், கிரேட்டிங்கைப் பிடித்து நிறுத்தும் கிளிப்புகள் அங்கே கழன்றிருந்தது யாருக்கும் தெரியவில்லை. பதினாறு நாள் கழித்து, அதே கட்டுமானத்தில், எட்டு மீட்டர் உயரத்தில் இன்னொரு கிரேட்டிங் முழுவதுமாகப் பெயர்ந்து விழுந்தது. அதன்மேல் நின்ற இளைஞர், இடுப்புவாரின் கொக்கியை மாட்டியிருந்ததால் அந்தரத்தில் தொங்கினார். கீழே இறக்கியதும் தண்ணீர்கூடக் கேட்காமல் சஜ்தாவில் விழுந்தார். அல்ஹம்துலில்லாஹ், ஒரு கீறல்கூட இல்லை.

அன்றிரவு எங்கள் அறையில் சோறு அப்படியே இருந்தது. இஷாத் தொழுகைக்குப் பின் எங்களில் மூத்தவர் சொன்னார்: “அந்தத் தாளில் உள்ள கையெழுத்து என்னுடையது. காலையில் நான் போய்ச் சொல்லிவிடுகிறேன்.” “நாலு பேருந்தானே எழுதினோம் காக்கா, நாலு பேருமே போவோம்” என்றார் இளையவர். எங்கள் பதிவேட்டில் ஏறாத அந்தக் காயம், தோள்களின்மேல் இருந்து எழுதுபவர்களின் ஏட்டில் எப்போதோ ஏறிவிட்டிருக்கும் என்ற அச்சம் நால்வருக்கும் இருந்தது.

மறுநாள் சொன்னோம். மேலாளர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு கோப்பைத் திருத்தச் சொன்னார். பலகை பூஜ்யமாயிற்று. பரிசுத்தொகை நின்றுபோனது. மெஸ்ஸில் சிலர் எங்கள் ஸலாமுக்குப் பதில் சொல்லச் சில நாள் தயங்கினார்கள். கட்டுமானம் முழுவதையும் சோதித்தபோது 23 இடங்களில் கிளிப்புகள் தளர்ந்திருந்தன. மணிக்கட்டு முறிந்த சகோதரரிடம் மன்னிப்புக் கேட்கப் போனோம். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “இனி என்னை ஊருக்கு அனுப்பிவிடுவார்களா?” அந்த அச்சத்தால்தான் அவர் அந்த நாற்காலியில் பேசாமல் அமர்ந்திருந்தார். ஆறு வாரம் சம்பளத்தோடு ஓய்வு கிடைத்தது. திரும்பி வந்து வேலையைத் தொடர்ந்தார்.

இது எங்கள் ஆலையின் நோய் மட்டுமன்று. 2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலை வெடித்து 15 பேர் இறந்தார்கள். ஜேம்ஸ் பேக்கர் தலைமையிலான குழு 2007இல் அளித்த அறிக்கை, தனிநபர் காய விகிதம் குறைந்ததையே ஆலையின் பாதுகாப்பு என்று நிறுவனம் தவறாக எடுத்துக்கொண்டதைச் சுட்டிக்காட்டியது. ஒருவர் வழுக்கி விழுவதை எண்ணும் கணக்கு, கோபுரத்தில் எரிபொருள் நிரம்பி வழியப்போவதைச் சொல்லாது. 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் துளையிடு தளம் வெடித்து 11 பேர் மாண்டார்கள். கிணற்றை அடைக்க 87 நாள்கள் ஆயின. அத்தளம் ஏழு ஆண்டுகளாக வேலையிழப்புக் காயம் இல்லாமல் இயங்கியதைப் பாராட்ட, மேலதிகாரிகள் வந்திருந்ததும் அதே நாளில்தான்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு அல்லாஹ்வின்மீது பொறுப்புச் சாட்டுவதைச் சிறுவயதிலேயே மத்ரஸாவில் கற்றவர்கள் நாம். கயிறு அறுந்திருப்பதைக் கண்டும் ‘கட்டியாயிற்று’ என்று எழுதுவது அமானிதத்தில் செய்யும் மோசடி.

அந்த ஆண்டுக்குப் பிறகு நாங்கள் வேறொன்றையும் எண்ணத் தொடங்கினோம்: விபத்தாக இருந்து மயிரிழையில் தப்பியவை. முதல் மாதம் மூன்று சீட்டுகள் வந்தன. அடுத்த ஆண்டில் மாதம் 60 வந்தன. எண் ஏறியது; எங்களுக்குத் தூக்கமும் வந்தது.

வெளிநாட்டில் இருக்கும் வாப்பாவோடோ கணவரோடோ மகனோடோ பேசும்போது “சாப்பிட்டீங்களா” என்று கேட்கிறோம். “இன்று எங்கேனும் அடிபட்டதா? பட்டதைச் சொல்லிவிட்டீங்களா?” என்றும் கேளுங்கள். சொன்னால் வேலை போய்விடுமோ என்று அவர் தயங்குவார். சம்பளம் தாமதமானாலும் நீங்கள் முழுதாக வந்தால் போதும் என்ற சொல்லை, அவர் வீட்டிலிருந்துதான் கேட்க வேண்டும்.