தந்திக்குப் பின்னால் ஒரு கடிதம்

ஆங்கிலத்தை இன்றைய பிள்ளைகள் வெட்டிக் குறைத்துவிட்டார்கள் என்று என் வயதுக்காரர்கள் வருத்தப்படுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. டெலிஃபோன் ஃபோன் ஆகி எத்தனையோ காலம் ஆயிற்று. ஃபாக்சிமிலி ஃபாக்ஸ் ஆனது, மெமோராண்டம் மெமோ ஆனது. இங்கிலாந்து அலுவலகங்களில் கம்யூனிகேஷன்ஸ் என்பதையே ‘காம்ஸ்’ என்றுதான் சொல்கிறார்கள். ‘ஓகே’ பாஸ்டன் பத்திரிகை ஒன்றில் 1839-லேயே வந்துவிட்டது. ‘ஓ மை காட்’ என்பதை ‘ஓஎம்ஜி’ என்று சுருக்கி 1917-ல் சர்ச்சிலுக்குக் கடிதம் எழுதியவர் கல்லூரிப் பையன் அல்ல. ஃபிஷர் பிரபு என்ற 76 வயது கடற்படைத் தளபதி!

சுருக்கியதற்குக் காரணமும் இருந்தது. தந்தியில் சொல்லுக்குச் சொல் காசு. எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்துதான் இடம். ‘மதர் சீரியஸ், ஸ்டார்ட் இமீடியட்லி’ என்ற நாலு சொல்லில் குடும்பமே ரயிலேறியிருக்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் தந்திக்குப் பின்னாலேயே ஒரு இன்லண்ட் லெட்டர் வரும். என்ன நடந்தது, யார் யார் வந்தார்கள், கடைசியாக என்ன பேசினாள் என்று மடிப்பு ஓரம்வரை நுணுக்கி எழுதியிருப்பார்கள். இன்று காசும் மிச்சம், இடமும் தாராளம். அந்தக் கடிதம்தான் வருவதில்லை.

சுருக்கம் ஆளை மாற்றியும் காட்டிவிடும். பிரிட்டிஷ் பிரதமராக இருந்த டேவிட் கேமரன், ‘எல்ஓஎல்’ என்றால் ‘நிறைய அன்புடன்’ என்று நினைத்துக் குறுஞ்செய்திகளில் போட்டுவந்தாராம். ‘வாய்விட்டுச் சிரிக்கிறேன்’ என்று அதற்குப் பொருள் என, அவற்றைப் பெற்ற பத்திரிகையாசிரியர் சொல்லித்தான் தெரிந்ததாம். 2012-ல் விசாரணை ஆணையத்தின் முன் அந்த அம்மையாரே சொன்னது இது.

அலுவலக வேலைக்கு ‘எஃப்ஒய்ஐ’, ‘ஏஎஸ்ஏபி’ எல்லாம் தாராளமாகப் போடுங்கள். சாவு வீட்டுக்கு மட்டும் அப்படி எழுதாதீர்கள் என்று பேரப்பிள்ளைகளிடம் மன்றாடிக் கேட்கிறேன். எங்கள் தெரு நண்பர் ஒருவரின் மனைவி தவறியபோது வாட்ஸ்அப் முழுக்க ‘ஆர்ஐபி’யாக வந்து விழுந்தது. அவர் விரலால் தள்ளிக்கொண்டே போனார். நடுவில், முன்பு மாடியில் குடியிருந்த பையன் ஒருவன், பரீட்சை நாட்களில் அத்தை விடியற்காலையில் சுக்குக் காப்பி போட்டு மாடிப்படியில் வைத்துவிட்டுப் போவார் என்று எழுதியிருந்தான். “இது எனக்கே தெரியாதேப்பா” என்றார். காரியம் முடிந்த மறுநாள் அவனுக்குத்தான் முதலில் ஃபோன் செய்தார். அரைமணி நேரம் பேசினார். மற்றவர்களுக்கு ஒரு கும்பிடு எமோஜி போட்டார்.