எத்தினையாம் வட்டாரம்?

பாரிஸ் லாச்சப்பலில் கறிவேப்பிலை வாங்கப் போனாலும் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது.

"தம்பி எவ்விடம்?"

"புங்குடுதீவு."

"அட, எத்தினையாம் வட்டாரம்?"

"ஏழு."

அதற்குமேல் அவர் என் பெயரைக்கூடக் கேட்க மாட்டார். எண்ணைப் பிடித்து ஒழுங்கைக்கும், ஒழுங்கையால் கிணற்றடிக்கும், அங்கிருந்து என் பேரனாருக்கும் தானாகவே வந்துவிடுவார்.

12 வட்டாரம், நாலு பக்கமும் கடல். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் தாண்டி, வேலணையால் வந்து வாணர் தாம்போதியில் ஏறினால், பஸ் யன்னலால் உப்புக் காற்று முகத்தில் அடிக்கும். ஒல்லாந்தர் எங்கள் தீவுகளுக்குத் தங்கள் நகரங்களின் பெயரை வைத்தபோது எங்களுக்குக் கிடைத்தது மிடில்பேர்க். நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட் ஒட்டிக்கொண்டது. எங்களுடையது பழைய வரைபடத்தோடு நின்றுபோனது.

ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, அடியில் கிடக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிசாக மிதக்கும். ஆசைப்பட்டு இறைத்தால் உவர் ஏறிவிடும். அதனால் குளிக்க ஒரு கிணறு, குடிக்க ஒரு கிணறு. பின்னேரம் அம்மா குடத்தோடு நல்லதண்ணிக் கிணற்றுக்குப் போவா. நான் சீலைத் தலைப்பைப் பிடித்தபடி பின்னால். வட்டாரத்துக் கல்யாணமும் சண்டையும் முதலில் அந்தக் கிணற்றடிக்குத்தான் தெரியவரும்.

மண் சோறு போடாததால் ஆம்பிளைகள் கொழும்புக்கும் தெற்குப் பட்டினங்களுக்கும் கடை போடப் போனார்கள். கோயில் கொடியேறினால் பெட்டியும் பலகாரமுமாக வந்து இறங்கிவிடுவார்கள். 1991-இல் ராணுவம் தீவுக்குள் வந்தபோது நாங்கள் வெளிக்கிட்டது அப்படியில்லை. ஆனாலும் அம்மா துலாக்கயிற்றைச் சுருட்டி, வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் வந்தா. தூசி விழுந்துவிடுமாம்.

இப்போதும் ஊருக்குள்ளால் பஸ் பஸ்ஸாகச் சனம் போகிறது. எல்லாம் குறிகட்டுவான் துறைக்கு. அங்கிருந்து படகேறி நயினாதீவு அம்மனிடமும் நாகவிகாரைக்கும். யன்னலால் பார்த்தால் கூரையில்லாத வீடுகள் தெரியும். நான் போனபோது எங்கள் கிணற்றுக் கட்டில் ஆல் முளைத்திருந்தது. வாளியைக் காணவில்லை.

பாரிஸிலும் 20 பகுதிகள்; எல்லாவற்றுக்கும் எண். 'அரோந்திஸ்மோன்' என்பது எங்கள் ஆட்களின் வாய்க்குள் நுழையவில்லை. வட்டாரம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

போன ஞாயிற்றுக்கிழமை கடையில் ஒரு வயதான ஐயா என் மகளிடம் குனிந்து ஊர் கேட்டார். சொல்லிக் கொடுத்தபடியே "புங்குடுதீவு" என்றாள்.

"எத்தினையாம் வட்டாரம் பிள்ளை?"

"பத்து," என்றாள், எங்கள் வீட்டு விலாசத்தை நினைத்து.

"பத்தோ! நான் ஒம்பது. எங்கட அயல் பிள்ளையெல்லே!" ஐயாவின் கண் கலங்கிவிட்டது.

நான் மிச்சக் காசை இரண்டாம் தரம் எண்ணத் தொடங்கினேன்.