அளவுகோலை முதலில் சொல்லுங்கள்

தமிழ்நாட்டில் கோயில் வழக்கு ஏதாவது ஒன்றில் தீர்ப்பு வந்தால், மறுநாளே நீதிபதி என்ன சாதி, எந்த ஆட்சியில் பதவிக்கு வந்தார் என்ற ஆராய்ச்சி தொடங்கிவிடுகிறது. இங்கே கனடாவில் இருக்கும் நம்மவர்களும் அதையே வாட்ஸாப்பில் சுற்றவிடுகிறார்கள். அவர் என்ன காரணம் சொல்லி அந்த முடிவுக்கு வந்தார் என்று கேட்பவர் அரிது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. இந்த நாட்டின் சாலைகளையும் மருத்துவமனைகளையும் எல்லோரும் புகழ்ந்தாயிற்று. நம் ஊருக்குக் கொண்டுபோகத் தக்கது என்று நான் நினைப்பது வேறு: முடிவெடுக்கிறவர் காரணம் சொல்லியாக வேண்டும் என்ற பிடிவாதம்.

1999இல் கனடா உச்ச நீதிமன்றம் முடித்த மேவிஸ் பேக்கர் வழக்கைப் பாருங்கள். அவர் ஜமைக்காவிலிருந்து வந்து, அனுமதிக் காலம் முடிந்தும் தங்கி, வீட்டு வேலை செய்து பிழைத்தவர். இங்கே அவருக்குப் பிறந்த பிள்ளைகள் நான்கு பேர். கருணை அடிப்படையில் இருக்கவிடுங்கள் என்ற மனுவுக்கு வந்த பதிலில் மறுப்பு மட்டுமே இருந்தது, காரணம் இல்லை. கேட்டு வாங்கிய பிறகுதான் ஒரு குடிவரவு அதிகாரியின் குறிப்புகள் கைக்கு வந்தன. பேக்கரின் பிள்ளைகளின் எண்ணிக்கையும் அவருடைய மனநோயும் அரசுக்குச் சுமை என்ற எரிச்சல் அதில் பச்சையாகத் தெரிந்தது. அந்தக் குறிப்புகளையே காரணமாக எடுத்துக்கொண்ட நீதிமன்றம், அவற்றில் தெரிந்த ஒருதலைப்பட்சத்தைக் காட்டி முடிவை ரத்து செய்தது. இத்தகைய முடிவுக்கு எழுத்தில் காரணம் தர வேண்டும் என்று நாடாளுமன்றம் சட்டம் எதுவும் போட்டிருக்கவில்லை. நீதிபதி லெரூ-டுபே எழுதிய தீர்ப்புதான் அந்த விதியை உண்டாக்கியது.

2002 ஜனவரியில் அதே விதி ஒரு தமிழரைக் காத்தது. மாணிக்கவாசகம் சுரேஷ் அகதியாக ஏற்கப்பட்டவர். விடுதலைப் புலிகளுக்கு நிதி திரட்டினார் என்று சொல்லி அவரை நாடு கடத்த முனைந்தார்கள். சித்திரவதை காத்திருக்கும் இடத்துக்கு ஒருவரை அனுப்புவது பொதுவாக உரிமைச் சாசனத்துக்கு விரோதம். அமைச்சரே ஆனாலும் ஆதாரங்களைக் காட்டி, பதில் சொல்ல வாய்ப்புக் கொடுத்து, எழுத்தில் காரணம் தர வேண்டும் என்றது நீதிமன்றம். அதே நாளில், அதே அளவுகோலில், தம்மை நாடு கடத்துவதை எதிர்த்து வந்த ஈரானியரான அகானி தோற்றார். விதிவிலக்கான சூழலில் அனுப்பலாம் என்று சுரேஷ் தீர்ப்பு ஒரு கதவைத் திறந்தும் வைத்தது. அது தவறு என்பது என் உறுதியான கருத்து. ஆனால் அந்தக் கதவு தீர்ப்பில் வெளிப்படையாக எழுதப்பட்டிருப்பதால்தான் அதைச் சுட்டிக்காட்டி வாதாட முடிகிறது.

இதைப் படித்துவிட்டு, இந்தியாவுக்கு இதெல்லாம் தெரியாது என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. பேக்கர் வழக்குக்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே, 1990இல், எஸ்.என். முகர்ஜி வழக்கில் நம் உச்ச நீதிமன்றத்தின் அரசியல்சாசன அமர்வு, காரணம் பதிவு செய்வது இயற்கை நீதியின் அங்கம் என்று சொல்லிவிட்டது. இராணுவ நீதிமன்ற விவகாரம் என்பதால் மனுதாரருக்கு அது உதவவில்லை, ஆனால் கோட்பாடு நிலைத்துவிட்டது. கனடாவின் உச்ச நீதிமன்றமோ மேல்முறையீட்டு அனுமதி மனுக்களைப் பொதுவாக இன்றும் காரணம் சொல்லாமலே தள்ளுகிறது.

காரணம் சொல்வதன் முதல் படி, எந்த அளவுகோலால் அளக்கிறோம் என்று சொல்வது. எங்கள் திருத்தணியே தமிழ்நாட்டுக்கு வந்தது அளவுகோல் சொன்ன ஒரு தீர்ப்பால்தான். அதைத் தந்த எச்.வி. படாஸ்கர் நீதிபதி அல்ல, ஆந்திரா-சென்னை எல்லைத் தகராறுக்கான நடுவர். கிராமத்தை அலகாகக் கொள்வது, நிலத் தொடர்ச்சி, பேசும் மொழிப் பெரும்பான்மை என்று அடிப்படைகளை வைத்துக்கொண்டு எல்லையைப் பிரித்தார். சித்தூர் மாவட்டத்திலிருந்து திருத்தணி தாலுகாவின் பெரும்பகுதி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. சத்தியவேடு பக்கம் ஆந்திராவுக்குப் போனது. திருப்பதி கிடைக்காத ஆதங்கம் வடக்கெல்லைக்காகப் போராடிய ம.பொ.சி. வழி வந்தவர்களுக்கு இன்றும் உண்டு. திருத்தணி மலையடிவாரத்தில் தெலுங்கு பேசும் குடும்பங்களுக்கும் வருத்தம் இருந்திருக்கும். ஆனால் இரு தரப்புக்கும் ஏன் என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடைத்தது. மாறாக, கர்நாடகத்தோடான எல்லைத் தகராறில் பெலகாவிக்காக மகாராஷ்டிரம் 2004இல் தொடுத்த வழக்கு இன்னும் முடியவில்லை.

கனடா உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள் ஆண்டுக்குச் சில டஜன் வழக்குகளைத்தான் கேட்கிறார்கள். மலைபோல் வழக்கு குவிந்த நாட்டில் இது நடக்குமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நம்மிடம் குறைவது தீர்ப்பின் பக்கங்கள் அல்ல. 2019இன் அயோத்தித் தீர்ப்பு ஆயிரம் பக்கங்களைத் தாண்டியது. அர்ச்சகர் வழக்கில் குறைந்தது என்ன என்று பாருங்கள். 1972இல் சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம், அர்ச்சகர் நியமனம் மதச் செயல் அல்ல, பரம்பரை உரிமையை நீக்கிய தமிழ்நாட்டுச் சட்டம் செல்லும் என்றது. துணிச்சலான தீர்ப்பு. அதே மூச்சில், நியமனம் ஆகமப்படி இருக்க வேண்டும் என்றும் சொன்னது. எந்த ஆகமம், அதை யார், எதைக் கொண்டு நிரூபிப்பது? 2015இல் மீண்டும் வழக்கு வந்தபோதும், ஒவ்வொரு கோயிலையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்ற பதிலே கிடைத்தது. எல்லாக் கோயிலையும் ஒரே தீர்ப்பில் அளக்க முடியாது என்பது சரிதான். அளவுகோலைச் சொல்லியிருக்க முடியும். அதைச் சொல்லாததால், அர்ச்சகர் பயிற்சிப் பள்ளியில் படித்து முடித்த இளைஞர்கள் கருவறைக்கு வெளியே பல ஆண்டுகள் காத்திருந்தார்கள்.

எவை ஆகமக் கோயில்கள் என்று கண்டறியக் குழு அமைக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது 2022இல். சேஷம்மாள் தீர்ப்பு வந்து அப்போது ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.