உப்பும் இரும்பும்

தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்கள் பரந்து கிடக்கும் நிலத்தின் ஓரத்தில் எங்கள் வீடு இருந்தது. என் தந்தையார் ஓர் உப்பளத்தில் கணக்கெழுதும் பணியில் இருந்தார். நாள்தோறும் மாலையில் மிதிவண்டியில் வீடு திரும்பியதும், முகம் கழுவுவதற்கு முன்பாகவே, பழைய துணி ஒன்றை எண்ணெயில் நனைத்து, வண்டியின் சட்டத்தையும் கம்பிகளையும் துடைக்க உட்கார்ந்துவிடுவார். அண்டை வீட்டார் இதைக் கண்டு நகைத்ததுண்டு. “வண்டிக்கும் எண்ணெய்க் குளியலா?” என்பார்கள். அவர் மறுமொழி கூறுவதில்லை. ஒருநாள் நான் கேட்டபோது மட்டும், “பாத்தியில் உப்பு வாருகிற பலகையை மரத்தில் செய்திருக்கிறார்களே, ஏன் என்று யோசித்தாயா?” என்று திருப்பிக் கேட்டார். அந்த வினாவின் பொருளை நான் முழுமையாக உணர ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. அதற்கு, பனி பொழியும் நாடொன்றில் ஒரு வண்டியின் அடியில் மல்லாந்து படுக்கவும் வேண்டியிருந்தது.

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில், ஹியூரான் ஏரிக்கரையை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் நான் செவிலியராகப் பணிபுரிகிறேன். நோயாளிகளின் இல்லங்களுக்கே சென்று, ஆறாத புண்களுக்குக் கட்டுப் போடுவதும் மருந்து செலுத்துவதும் என் வேலை. அவர்களுள் பலர், பெருஞ்சாலையிலிருந்து வெகுதொலைவில் உள்ள பண்ணை வீடுகளில் தனித்து வாழும் முதியவர்கள். குளிர்காலத்தில் வடமேற்குக் காற்று உறையாத ஏரியின் ஈரத்தை வாரிக்கொண்டு வந்து, கரையோர ஊர்களின் மேல் பனியாகக் கொட்டிவிடும். சில மணி நேரத்தில் வேலியும் பாதையும் வயலும் ஒன்றாகிவிடும். சிறிய கார் ஒன்றை வைத்துக்கொண்டு நான் மூன்று குளிர்காலங்களைக் கழித்தேன். பாதி வழியில் பனியில் புதைந்து, எனக்காகக் காத்திருந்த ஒருவரிடம் போய்ச்சேர இயலாமல் நின்ற நாள்கள் அவற்றில் உண்டு.

இந்நாட்டில் சாலையின் பனியை உருக்குவதற்கு உப்பையே தூவுகிறார்கள். எங்கள் மாவட்டத்திலேயே கோட்ரிச் என்னும் துறைமுக நகர் இருக்கிறது. 1866ஆம் ஆண்டு அங்கு எண்ணெய் தேடி நிலத்தைத் துளைத்தவர்களுக்கு எண்ணெய்க்குப் பதிலாக உப்புப் படிவம் அகப்பட்டது. 1959 முதல் அங்கே சுரங்கம் இயங்குகிறது. ஏரியின் அடியில், ஏறத்தாழ 550 மீட்டர் ஆழத்தில் பரவியிருக்கும் அதுவே உலகின் மிகப் பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம். எங்கள் ஊரில் வெயில், நீரை உலர்த்தி உப்பைத் தந்தது. இங்கோ உப்பு, உறைந்ததை மீண்டும் நீராக்குகிறது. உப்புக் கரைந்த நீர் சுழியத்தில் உறைவதில்லை. செறிவு மிகுந்தால் சுழியத்துக்குக் கீழ் 21 பாகை வரை அது நீராகவே இருக்கும். நடைமுறையில் பத்துப் பாகைக்குக் கீழே போனால் சாதாரண உப்பின் வேலை மந்தமாகிவிடும். அப்போது கால்சியம் குளோரைடு போன்ற வேறு உப்புகளைக் கலக்கிறார்கள். அவை காற்றின் ஈரத்தையும் ஈர்த்துக்கொள்ளும். எனவே வண்டியில் ஒட்டியவை எளிதில் உலர்வதில்லை. மனிதர் வழுக்கி விழாமல் காக்கும் அந்த உப்பே, அவர்களைச் சுமக்கும் இரும்பை ஓசையின்றித் தின்கிறது.

2017ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், பதின்மூன்று ஆண்டுகள் ஓடிய ஒரு நான்குசக்கர இயக்க வண்டியை வாங்கினேன். நம் ஊரில் இத்தகைய வண்டி எதையும் ஜீப் என்றே சொல்வோம். நானும் அப்படியே சொல்கிறேன். விற்றவர் வண்டியின் அடிப்பாகத்தை எனக்குக் காட்டினார். அடிச்சட்டம் முழுவதும் தார் பூசியதுபோல் புதுக் கறுப்பாக மின்னியது. எவ்வளவு அக்கறையாக வைத்திருந்திருக்கிறார் என்று மகிழ்ந்து, கேட்ட விலையைக் கொடுத்தேன். அடுத்த இரண்டு குளிர்காலங்களில் அந்த ஜீப் என்னை ஒருநாளும் கைவிடவில்லை. மற்ற வண்டிகள் நின்றுவிட்ட பாதைகளிலும் அது உறுமிக்கொண்டு ஏறியது. எனக்கு அதன் மேல் ஒரு பற்றே உண்டாகிவிட்டது.

2019ஆம் ஆண்டு வசந்தத்தில், பின்சக்கரப் பக்கம் ஏதோ ஆடும் ஓசை கேட்டு, வண்டியைத் தாங்கிகளின் மேல் நிறுத்தி அடியில் புகுந்தேன். அடிச்சட்டத்தைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனேன். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால், அச்சைத் தாங்கும் கை சட்டத்தில் பொருத்தப்பட்ட இடத்தில், ஓசை தொப்பென்று மாறியது. திருப்புளியை வைத்து அழுத்தினேன். அது கைப்பிடி வரை உள்ளே போயிற்று. கறுப்புப் பூச்சு அப்பளம்போல் நொறுங்கி, அதன் பின்னாலிருந்து செந்நிறப் பொருக்குகளும் ஈரமண்ணும் என் முகத்தில் கொட்டின. மறுபக்கமும் ஏறத்தாழ அதே நிலைதான்.

இத்தகைய வண்டிகளின் சட்டம், உள்ளே வெற்றிடமுள்ள நீண்ட எஃகுப் பெட்டி. உட்புகும் நீர் வடிவதற்கு அதன் அடியில் துளைகள் உண்டு. மண்ணும் உப்பும் சேர்ந்து அத்துளைகளை அடைத்துவிட்டால், பெட்டிக்குள் உப்புச்சேறு தேங்கிவிடும். அலுமினியத்தின் மேல் படியும் ஆக்சைடு அதன்மேல் இறுக ஒட்டிக்கொண்டு அதைக் காக்கிறது. இரும்பின் துருவோ நுண்துளைகள் நிறைந்தது. தான் தோன்றிய இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்டு, பொருக்காக உதிர்ந்து, அடுத்த அடுக்கை நீருக்கும் காற்றுக்கும் திறந்துவிடுகிறது. உப்பு அந்நீரில் மின்னோட்டத்தை எளிதாக்கி, இச்செயலை விரைவுபடுத்துகிறது. துருவின் மேல் பூசிய தடித்த பூச்சு இதனை நிறுத்துவதில்லை. அதில் ஒரு வெடிப்பு விழுந்தால் போதும். உள்ளே போன ஈரம் வெளியேற வழியின்றி அங்கேயே தங்கிவிடும்.

பழுது பார்க்கும் நிலையம் ஒன்றில் கேட்டேன். வண்டியின் மதிப்பை நெருங்கும் தொகையைச் சொன்னார்கள். அந்த வாரத்திலேயே, எங்கள் பணிக்குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த செவிலியப் பெண் ஒருத்தி, “அண்ணா, உங்கள் ஜீப்பை விற்கும் எண்ணம் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்” என்று கேட்டிருந்தாள். இம்மாநிலத்தில், பாதுகாப்புச் சான்றிதழ் இல்லாத பழைய வண்டியையும் ‘உள்ளது உள்ளபடி’ என்று எழுதி விற்கச் சட்டம் இடம் தருகிறது. சான்றிதழ் பெற்று வண்டியைச் சாலைக்குக் கொண்டுவருவது வாங்குபவரின் பாடு.

அன்று மாலை நான் செய்ததை மறைக்காமல் எழுதுகிறேன். கடைக்குச் சென்று இரண்டு குப்பி கறுப்புத் தெளிப்பு வாங்கினேன். ஓட்டையைக் கண்ணாடியிழைத் துணியால் மூடி, அதன் மேல் கறுப்பைத் தெளித்தேன். ஒரு பக்கம் முடிந்தபோது, அது இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் பார்த்து மகிழ்ந்ததைப் போலவே மின்னியது. உள்ளே வந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். என் மனைவி அருகில் வந்து, விரல்களில் படிந்திருந்த கறுப்பைப் பார்த்தார். “நமக்கு விற்றவரும் இதைத்தான் பூசினார், இல்லையா?” என்று கேட்டார். வேறெதுவும் சொல்லவில்லை.

நான் புண்ணுக்குக் கட்டுப் போட்டு வாழ்பவன். மேலே பொருக்குக் கட்டி, உள்ளே சீழ் வைத்திருக்கும் புண்ணை மூடித் தைக்கக் கூடாது என்பது எங்கள் பயிற்சியின் முதற்பாடம். அழுகியதை நீக்கி, குருதி கசியும் நல்ல தசை தெரிந்த பிறகுதான் மேற்கொண்டு எதுவும் செய்யலாம். மனிதரின் காலில் ஒருபோதும் செய்யத் துணியாததை இரும்பில் செய்துவிட்டேன். அந்த இரும்பின் மேல் அமர்ந்து, நான் செல்லும் அதே பனிப்பாதைகளில் அந்தப் பெண் செல்லவிருந்தாள் என்பதையும் அறிந்தே செய்தேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை. மறுநாள் அவளை வீட்டுக்கு அழைத்து, வண்டியின் அடியில் விளக்கைப் பிடித்து, திருப்புளியை அவள் கையிலேயே கொடுத்தேன். நான் பூசிய பக்கத்தையும் காட்டினேன். அவள் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நல்லவேளை, சொன்னீர்கள்” என்றாள். அந்த நன்றிக்கு நான் தகுதியுடையவன் அல்லன் என்பது எனக்குத் தெரியும்.

பிறகு பழுதுபார்க்கத் துணிந்தேன். உழவுக் கருவிகளைப் பற்றவைத்தே முதுமை எய்திய பண்ணையாளர் ஒருவர் கிடைத்தார். பெட்ரோல் தொட்டியை இறக்குவது, மின்கல இணைப்பைக் கழற்றுவது, தீப்பொறி விழும் இடங்களிலிருந்து பழைய தாரையும் எண்ணெயையும் சுரண்டி எடுப்பது ஆகியவை என் வேலை. நான் தெளித்த கறுப்பைச் சுரண்டுவதற்கே ஒருநாள் முழுதும் தேவைப்பட்டது. சட்டத்தை எங்கு வரை வெட்டுவது என்று கேட்டபோது அவர், “நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டு. தெரிந்த பின் இன்னும் ஓர் அங்குலம் வெட்டு” என்றார். கையளவு என்று நான் எண்ணியிருந்த ஓட்டை, வெட்டி முடிந்தபோது முழங்கை நீளமாகியிருந்தது. மூன்று மில்லிமீட்டர்த் தகட்டை வளைத்துப் பொருத்தினார். அதன் மேல் வைத்த வலுத்தகட்டின் முனைகளைச் சாய்சதுரமாக வெட்டினார். சட்டத்துக்குக் குறுக்கே நேர்கோடாகப் பற்றவைத்தால் சுமை முழுதும் அக்கோட்டில் குவிந்து வெடித்துவிடுமாம். சாய்வாக அமைத்தால் அது பரவிச் செல்லும். ஒரே மூச்சில் பற்றவைக்காமல், இங்கே ஓர் அங்குலம், அங்கே ஓர் அங்குலம் என்று மாற்றி மாற்றி வைத்தார். சூடு ஓரிடத்தில் சேர்ந்து தகடு முறுக்கிக்கொள்ளாமல் இருப்பதற்கு அதுவே வழி.

அதன் பின் கோடை முழுவதும் என்னுடையது. வடிதுளைகள் வழியே குழாயைச் செலுத்தி, வெளியேறும் நீர் தெளியும் வரை சட்டத்தின் உட்புறத்தை நாள்கணக்கில் கழுவினேன். விசிறி வைத்து இரண்டு வாரம் உலர்த்தினேன். வெளிப்புறத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, மூலைமுடுக்குகளுக்கு உப்புத்தாளை எடுத்தேன். உப்பு செய்த கேட்டை உப்புத்தாள் கொண்டு தீர்க்கிறோமே என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். பளிச்சென்று இரும்பு தெரிந்த இடங்களில் துத்தநாகம் மிகுந்த அடிப்பூச்சைப் பூசினேன். துத்தநாகம் தான் முதலில் அரிபட்டு இரும்பைக் காக்கும். மேலே சிறு கீறல் விழுந்தாலும் அக்காவல் தொடரும். ஆனால் அது வெற்று இரும்பைத் தொட்டால்தான் வேலை செய்யும். குழிகளுக்குள் துரு எஞ்சிய இடங்களுக்கு டானின் கலந்த மருந்து. நம் கடுக்காயில் உள்ள துவர்ப்பும் டானின்தான். அது இரும்போடு சேர்ந்தால் கறுத்துவிடும். அவ்வாறே செந்துரு என் கண்முன் நீலக்கறுப்பாக மாறி அடங்கியது. இவற்றின் மேல் வண்ணம் பூசினேன். பூச்சு எட்டாத பெட்டியின் உட்புறத்துக்கு, நீண்ட குழல் வழியே லானோலின் கலந்த எண்ணெயைத் தெளித்தேன். ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் கொழுப்பு அது. வெடித்த தோலுக்கு நான் தடவும் களிம்புகளிலும் அது உண்டு.

எண்ணெய் கழுவப்பட்டுவிடும் என்பதால், ஆண்டுதோறும் முதற்பனி விழுமுன் மீண்டும் தெளிக்க வேண்டும். இடையில் குளிர் தணியும் நாள்களில் அடிப்பாகத்தைக் கழுவிவிட வேண்டும். கதகதப்பான கொட்டகை வண்டிக்கு நல்லது என்றுதான் நானும் முன்பு நினைத்திருந்தேன். உண்மையில், உப்புச்சேறு படிந்த வண்டியை அங்கே நிறுத்தினால், பனி உருகி, அந்த வெதுவெதுப்பில் துரு இன்னும் வேகமாகப் பிடிக்கும். இத்தனை செய்தும் துருவை வென்றுவிட்டேன் என்று சொல்ல முடியாது. அதன் நடையைத் தாமதப்படுத்துகிறேன், அவ்வளவே. என் தந்தையார் ஒவ்வொரு மாலையும் துணியோடு உட்கார்ந்ததன் காரணம் இதுதான். ஒருமுறை துடைத்துவிட்டால் தீர்ந்துவிடும் வேலையாக அவர் அதைக் கருதியதே இல்லை.

அதன் பின் ஆறு குளிர்காலங்களை அந்த ஜீப் கடந்துவிட்டது. அந்தப் பெண் பின்னர் வேறொரு வண்டி வாங்கச் சென்றபோது என்னை உடன் அழைத்தாள். சுத்தியலோடு போனேன். முதலில் பார்த்த வண்டியின் அடிப்பாகம் புதுக் கறுப்பாக மின்னியது. விற்பவர் அதைப் பெருமையோடு காட்டிக்கொண்டிருந்தார். நான் குனிந்து தட்டினேன், தொப்பென்றது. அவரைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. சுத்தியலைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அடுத்த வண்டியைப் பார்க்கப் போனோம்.

ஒவ்வோர் அக்டோபரிலும் ஒரு பலகையை விரித்து ஜீப்பின் அடியில் படுக்கிறேன். வடிதுளைகளுக்குள் கம்பியை விட்டு அடைப்பை எடுக்கிறேன். பிறகு சுத்தியலை எடுத்துச் சட்டத்தைத் தட்டுகிறேன். எப்போதும் நான் முதலில் தட்டுவது, அன்று மாலை கறுப்புத் தெளித்த அந்தப் பக்கத்தைத்தான்.