சம்மணமும் நாற்காலியும்

அடுகோடியில் நான் குடியிருக்கும் மாடியறைக்குக் கீழே வீட்டுக்காரப் பாட்டி இருக்கிறார். தருமபுரிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர்; வயது எழுபதை நெருங்குகிறது. காலையில் அரிவாள்மணையில் அமர்ந்து காய் நறுக்குவார்; பிறகு குதிகால் இரண்டும் தரையில் பதியக் குந்தியிருந்து பாத்திரம் துலக்குவார். எழும்போது கை ஊன்றுவதில்லை. ஒரு நாள் நம் மன்றத்துத் தோழர் ஒருவர் என்னைக் காண வந்தார். கால்பந்தாட்டத்தில் பெயர் எடுத்தவர். பாட்டி பாயை விரித்து, "உக்காருப்பா, காப்பி போடறேன்" என்றார். தோழர் சம்மணமிட முயன்றார். முழங்கால்கள் தரையை நாடாமல் வானை நோக்கின. "என்னப்பா, இந்த வயசுல காலு மடங்கலியா?" என்று பாட்டி சிரித்தார்.

கேலியாகக் கேட்டதுதான். ஆயினும் நல்ல கேள்வி அன்றோ? நோயும் இல்லை, காயமும் இல்லை. இருபது வயதுக் கால் ஏன் மடங்க மறுக்கிறது?

வயது ஏற ஏற மூட்டுகளின் நெகிழ்வு குறையும் என்பதும், பொதுவாக ஆண்களைவிடப் பெண்களுக்கு நெகிழ்வு மிகுதி என்பதும் உண்மையே. சிலருக்குப் பிறவியிலேயே இழைகள் தளர்ந்திருக்கும். பருத்த தொடையும் கெண்டைக்காலும் ஒன்றோடொன்று முட்டி மடிப்பைத் தடுப்பதும் உண்டு. ஆனால் மூட்டைப் பிடித்து நிறுத்துவது எது? 1962ஆம் ஆண்டில் ஜான்ஸ், ரைட் என்னும் இருவர் பூனையின் மணிக்கட்டில் இதனை அளந்தனர். விறைப்பில் 47 விழுக்காடு மூட்டைச் சூழ்ந்த உறையினால், 41 விழுக்காடு தசையினால், தசைநாண்களுக்கு 10, தோலுக்கு வெறும் 2. பூனையின் கணக்கை மனிதன் காலுக்கு அப்படியே ஏற்றக் கூடாதுதான். எனினும் ஒன்று விளங்குகிறது: தடை எலும்பில் மட்டும் இல்லை, பழக்கத்துக்கு இணங்கும் மென்மையான உறுப்புகளிலும் இருக்கிறது. விடியற்காலையில் இறுகியிருக்கும் கால், சற்று நடந்து உடல் சூடேறியதும் இளகுவதை நாமே அறிவோம்.

இன்னொன்றையும் பிரித்தறிய வேண்டும். சம்மணத்துக்குத் தேவை இடுப்பு மூட்டு வெளிப்புறமாகத் திரும்புவது. குந்துவதற்கோ முழங்கால் ஏறத்தாழ 150 பாகை மடங்க வேண்டும். கணுக்காலும் நன்றாக வளைய வேண்டும். கணுக்கால் வளையாதவன் குதிகாலைத் தூக்கிக்கொள்வான், அல்லது மல்லாந்து விழுவான். நம் தோழருக்கு இரண்டுமே வரவில்லை. வலிமை வேறு, நெகிழ்வு வேறு!

இந்தப் பழக்கம் எலும்பிலும் எழுதப்படுகிறது என்பதுதான் எனக்கு வியப்பளித்த செய்தி. லாகூர் மருத்துவக் கல்லூரியில் உடற்கூற்றுப் பேராசிரியராய் இருந்த ஹாவ்லக் சார்லஸ், பஞ்சாபியரின் கால் எலும்புகளை ஆராய்ந்து 1893இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கீழ்க்கால் எலும்பும் கணுக்கால் எலும்பும் சந்திக்கும் முன்விளிம்பில், குந்தி உட்காரும் மக்களுக்குச் சிறு தேய்முகங்கள் காணப்படுகின்றன என்றார். 1959இல் இந்தர்பீர் சிங் இந்தியரின் எலும்புகளில் அவற்றை மீண்டும் ஆராய்ந்தார். மண்ணுக்குள் கிடக்கும் எலும்பைக் கொண்டே, அதற்குரியவன் தரையில் குந்தி வாழ்ந்தவனா என்று ஓரளவு ஊகிக்கலாம். நம் தலைமுறையின் எலும்புகள் என்ன சொல்லுமோ!

அடுகோடியையே பாருங்கள். 1951இல் தொடங்கிய மைக்கோ நிறுவனத்தின் தொழிற்சாலை இங்கே இருந்தது. தொழிலாளர் எந்திரங்களின் அருகில் நின்று உழைத்தனர். அதே இடத்தில் 2022 முதல் பாஷ் நிறுவனத்தின் புதிய வளாகம் நிற்கிறது. அங்கே கணிப்பொறியின் முன் அமர்ந்து செய்யும் வேலையே மிகுதி. ஊரெங்கும் இதே கதைதான். உண்பது மேசையில், படிப்பது நாற்காலியில், கழிப்பறையிலும் இருக்கை. ஒரு நாளில் ஒரு முறையேனும் முழுவதும் மடங்காத முழங்கால், மடங்கும் வழியையே மறந்துபோகிறது.

ஆகவேதான், பொங்கல் விருந்தைப் பந்தியில் நடத்துவதா மேசையில் நடத்துவதா என்று நம் மன்றச் செயற்குழுவில் எழுந்த வாதத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. பாதிப்பேர் "தரையில் உட்கார முடியாது" என்றார்கள். விருப்பமில்லை என்றிருந்தால் விட்டுவிடலாம், முடியாது என்கிறார்களே! சென்ற தலைமுறை எண்ணாமலே செய்ததை நாம் இழந்துகொண்டிருக்கிறோம்.

அதற்காகக் குந்துவதே பெருமை என்று நான் முழங்க வரவில்லை. பீகிங் நகர முதியோரிடம் நடத்திய ஆய்வொன்று 2004இல் வெளிவந்தது. இளமையில் நாள்தோறும் மூன்று மணி நேரமும் அதற்கு மேலும் குந்தியிருந்தவர்களிடம் முழங்கால் மூட்டுத் தேய்வு மிகுதியாகக் காணப்பட்டது. பாட்டியும் மழைக்காலத்தில் முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். உட்காரத் தெரிந்திருப்பது வேறு, உட்கார்ந்தே கிடப்பது வேறு.

தோழர் இப்போது மாலையில் ஓடி முடித்து உடல் சூடேறிய பின், குதிகாலுக்கு அடியில் பலகை வைத்துக் குந்திப் பழகுகிறார். சில வாரங்களில் தசை நீண்டுவிடுவதில்லையாம். இழுப்பைப் பொறுக்கும் உணர்வுதான் பெரும்பாலும் முதலில் மாறுகிறதாம். வலித்தால் நிறுத்திவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். தடித்த பலகை போய் இப்போது மெல்லிய பலகை வந்திருக்கிறது.