மூக்கா, மரமா?

சென்ற வருஷம் எங்கள் வீட்டில் ஒரு மூக்கின் மேல் வழக்கு நடந்தது. பிரதிவாதி, என் மாமியார்.

காஞ்சீபுரத்தில் இந்த வீட்டுக்குக் குடி வந்ததே புழக்கடைக் கறிவேப்பிலை மரத்துக்கு ஆசைப்பட்டுத்தான். இலை ஒவ்வொன்றும் கரும்பச்சையாக, அகல அகலமாக இருக்கும். ஆனால் ரசம் தாளித்த மறு நிமிஷம் மாமியார், "ஏண்டிம்மா, கறிவேப்பிலை போட மறந்துட்டியா?" என்பார். கொத்தாகப் போட்டிருப்பேன்!

"அம்மாவுக்கு வயசாச்சு, மூக்கு போயிடுத்து" என்று இவர் ஒருநாள் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அது அவர் காதில் விழுந்துவிட்டது. அப்புறம் சமையலறைப் பக்கமே வரவில்லை. வரதராஜப் பெருமாள் கோயில் இட்டிலி மாதிரி மிளகு, சீரகம், சுக்கு போட்டுச் செய்து, ஊரெல்லாம் கொடுத்தனுப்புகிறவர், அதையும் நிறுத்திவிட்டார். "வாசனை தெரியாதவளுக்கு என்னத்துக்கு அடுப்பு?" என்றார். எனக்கு நெஞ்சை என்னவோ செய்தது.

பத்திரிகை வேலையாகப் பிள்ளையார்பாளையம் போயிருந்தேன். ஒரு நெசவாளர் வீட்டு வாசலில், கொளுத்தும் வெயிலில், குட்டையாக ஒரு கறிவேப்பிலைச் செடி. சின்னச் சின்ன இலை, காம்பில் செம்மை. அந்த வீட்டு அம்மாள், "எடுத்துக்கிட்டுப் போங்கம்மா" என்று இரண்டு கொத்து ஒடித்துக் கொடுத்தாள்.

நான் வாசற்படி ஏறுவதற்குள் ஊஞ்சலிலிருந்து குரல் வந்தது: "யார் வீட்டுக் கறிவேப்பிலை அது?"

அன்றைக்கே, விவசாயக் கல்லூரியில் படித்த சிநேகிதியைப் பிடித்துக் கேட்டேன். கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பமாம். இலையை வெளிச்சத்தில் பிடித்தால் ஊசி முனைப் புள்ளிகள் தெரிகின்றனவே, அவைதான் எண்ணெய்ப் பைகள். (துளசிக்கு இலை மேல் இருக்கும் நுண்ணிய மயிரில் எண்ணெய்; அதனால்தான் தொட்டாலே மணக்கிறது.) நம் ரசத்துக்காகவா மரம் அதைச் செய்கிறது? பூச்சியை விரட்டத்தான்! நல்ல வெயிலும் அளவான ஈரமும் இருந்தால் எண்ணெய் கூடும். நிழலும், ஓயாத தண்ணீரும், எருவும் சேர்ந்தால் இலை மளமளவென்று பெருக்கும். மணம் அதற்கு ஈடு கொடுக்காது. அதற்காகச் செடியைக் காயப் போட்டுவிடக் கூடாது. அப்புறம் இலையே இராது. ரகமும் முக்கியம். தார்வார் விவசாயப் பல்கலைக்கழகத்தார் மணமுள்ள ரகங்களையே தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

எங்கள் மரமோ மாமரத்து நிழலில், பாத்திரம் தேய்க்கும் தண்ணீர் ஓடும் இடத்தில் நின்றது! இவர் வாயைத் திறக்காமல் மாங்கிளையை வெட்டினார். தண்ணீரை வாழைக்குத் திருப்பினார். பழைய கொப்புகளைக் கவாத்துச் செய்தோம்.

மூன்று மாதம் கழித்து வந்த துளிரைக் கிள்ளி மாமியாரிடம் நீட்டினேன். கசக்கி முகர்ந்தார்.

"பரவாயில்லை. பிள்ளையார்பாளையத்துக்கு இன்னும் ஈடாகலை" என்று சொல்லிவிட்டு, "சுக்கு இருக்கா வீட்டிலே?" என்று கேட்டார்.