சூடாத மலர்

பூ என்றதும் தமிழர் நெஞ்சில் கூந்தலும் கோயிலும் மணவறையும் எழுகின்றன. சூடுதல், தொடுத்தல், தூவுதல் ஆகிய இம்மூன்றில் ஒன்றுக்கும் உதவாத மலர் ஒன்று உண்டு. அதற்கு மணமில்லை, அதை விற்கச் சந்தையுமில்லை. ஆயினும் மாந்தர் மானம் காக்கும் ஆடையின் பிறப்பு அம்மலரில்தான் தொடங்குகிறது. அது பருத்திப் பூ.

மணியாச்சியிலிருந்து கடம்பூர் வழியாகக் கோவில்பட்டி செல்லும் இருப்புப்பாதையின் இருமருங்கும் கரிசல் நிலம் விரிந்து கிடக்கிறது. ஆறு பாயாத மண் இது. வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புரட்டாசி, ஐப்பசியில் மானாவாரியாக விதைத்த பருத்தி, மார்கழி வாக்கில் பூத்து நிற்கும். கருமண்ணின் மேல் வெளிர்மஞ்சள் பூக்கள் தெரிவது தனி அழகு. அவ்வழகை நின்று பார்க்க உழவருக்கு நேரமிருப்பதில்லை. அவர் பார்வை பூவின் எண்ணிக்கையில் இருக்கும். அடுத்தது வானத்தில் இருக்கும். பூ விரியும் காலையில் மழை பெய்தால், நீர் பட்ட மகரந்தத் தூள் வெடித்துக் கெடும். வளர்வதற்கு மழை வேண்டிய அதே செடி, பூத்த வேளையில் மழைக்கு அஞ்சுகிறது.

கதிரவன் எழுந்தபின் மொட்டு விரிகிறது. நாட்டுப் பருத்தியாயின் இதழ்களின் அடியில் பெரும்பாலும் செந்நிறப் பொட்டு ஒன்று காணப்படும். மாலைக்குள் பூ வாடத் தொடங்குகிறது. மறுநாள் அதன் மஞ்சள் மறைந்து இளஞ்சிவப்பு ஏறுகிறது. அந்தோசயனின் என்னும் நிறப்பொருள் இதழில் பெருகுவதே காரணம். அதன்பின் ஓரிரு நாளில் இதழ் உதிர்ந்துவிடும். இச்சிறு வாழ்நாளுக்குள் நிகழ்வதோ பெரிது. பூ விரியும் அந்நாளிலேயே, சூலகத்தினுள் இருக்கும் சூல்களின் மேல்தோலில் ஆயிரக்கணக்கான செல்கள் சிறு குமிழ்களாய்ப் புடைத்தெழுகின்றன. கருவுற்ற சூலில் அவை பிரிவுறாமல், ஒவ்வொன்றும் தனித்தனிச் செல்லாகவே ஏறத்தாழ மூன்று வாரம் நீள்கின்றன. பின்னர் அவற்றின் சுவரில் செல்லுலோஸ் படிந்து கெட்டிப்படுகிறது. பஞ்சின் ஓர் இழை என்பது ஒற்றைச் செல்லே. கைவிரல் நகத்தைவிட நீண்ட செல்லை வெறுங்கண்ணால் காண விரும்பும் மாணவர், விளக்குத் திரியிலிருந்து ஓர் இழையைப் பிரித்தெடுத்தால் போதும்.

மதுரை மல்லிகையை மொட்டாகவே பறிக்கின்றனர். விரிந்துவிட்டால் விலை இறங்கும். 2013இல் புவிசார் குறியீடும் பெற்ற அம்மலரின் வாணிகம் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். பருத்திப் பூவையோ பறிக்கவே கூடாது. ஒரு பூவைக் கிள்ளினால் ஒரு காய் போயிற்று. செடியில் தோன்றும் சப்பைகளிலும் பூக்களிலும் பெரும்பகுதி தாமாகவே உதிர்ந்துவிடும் நிலையில், எஞ்சியதைக் கிள்ள எவருக்கு மனம் வரும்?

இப்பூவின் வாணிகம் பூவில் தொடங்கி, கடலில் போய் முடிந்தது. 1876இல் தூத்துக்குடிவரை தொடர்வண்டி ஓடத் தொடங்கியபின், கரிசலின் பஞ்சுப் பொதிகள் மணியாச்சி வழியே துறைமுகம் சேர்ந்தன. வெளிநாட்டுச் சந்தையில் இப்பஞ்சுக்குத் திருநெல்வேலியின் பெயரே வணிகப் பெயராயிற்று. 1888இல் தூத்துக்குடியில் ஹார்வி நிறுவனத்தாரின் கோரல் நூற்பாலை எழுந்தது. 1908இல் அவ்வாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது வ.உ.சிதம்பரனார் அவர்களுக்குத் துணைநின்றார். 1911 ஜூன் 17 அன்று வாஞ்சிநாதனின் துப்பாக்கி மணியாச்சியில் முழங்கியதை வரலாற்றுப் பாடம் சொல்கிறது. அந்நிலையத்தின் வழியே பஞ்சு சென்ற கதையை அது அவ்வளவாகச் சொல்வதில்லை.

வேதியியலாரும் இப்பூவை விட்டுவைக்கவில்லை. செயற்கைச் சாயத்தைக் கண்டறிந்த பெர்க்கினின் மகன் ஆர்தர் ஜார்ஜ் பெர்க்கின், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பருத்திப் பூவின் மஞ்சள் நிறப்பொருளை ஆராய்ந்தார். குளித்தலையில் பிறந்த அறிஞர் தி.இரா.சேஷாத்திரி, 1930களில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் அவ்வாய்வை மேலும் விரிவாக்கினார். படிகாரம் ஏற்றிய துணியில் மஞ்சள் சாயம் தரவல்ல பிளேவனாய்டுகள் இவ்விதழ்களில் உள்ளன. பஞ்சைத் தரும் பூவுக்கு அப்பஞ்சின் துணியை நிறமூட்டும் வல்லமையும் இருந்திருக்கிறது.

கலையுலகம் மட்டும் இதற்குக் கடன்பட்டே நிற்கிறது. சோழமண்டலக் கரையில் கைவினைஞர்கள் பருத்தித் துணியில் பூக்களை எழுதினர். சாயவேரின் சிவப்பும் அவுரியின் நீலமும் கழுவினாலும் போகா. அந்தச் சீட்டித்துணிகளின் மீது ஐரோப்பா கொண்ட மோகம் எத்தகையதெனில், தம் நெசவாளரைக் காக்கப் பிரான்சு 1686இலும் இங்கிலாந்து 1721இலும் தடைச்சட்டம் இயற்றின. கொடியும் மலரும் பின்னிய அத்துணிகளைப் புரட்டிப் பார்த்தால், கண்டதும் கற்பனையுமாகப் பலவகைப் பூக்கள் உண்டு. துணியாகவே மாறிய பூவை அவற்றினிடையே அடையாளம் காண்பது அரிது.

கோவில்பட்டியில் 1901இல் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையம், கருங்கண்ணி என்னும் நாட்டுப் பருத்தியிலிருந்து மேம்பட்ட வகைகளைத் தெரிந்தெடுத்தது. வறட்சியைத் தாங்கும் கருங்கண்ணிக்கு இழை குறுகியது. விரைந்து சுழலும் ஆலைக் கதிர்கள் நீண்ட இழையையே விரும்பின. நீளிழைப் பருத்தி வந்தது. பூச்சிமருந்துச் செலவும் உடன் வந்தது. எடுப்புக் கூலியும் ஏறவே, இன்று கரிசலின் பல காடுகளில் மக்காச்சோளம் நிற்கிறது. உழவரைக் குறைகூற இயலாது. கணக்கு அவ்வாறு இருக்கிறது. எனினும் ஒரு வகை விதைப்பாரின்றி நின்றுவிட்டால், பல நூற்றாண்டு வறட்சியில் அது கற்ற பாடமும் அதனோடு போய்விடும். பிற்காலத்தில் வேண்டுமென்று தேடினாலும் கிடைக்காது.

புதுவகை ஆக்கும் வேலையும் பூவிடமே வருகிறது. மறுநாள் விரியவிருக்கும் மொட்டை மாலையில் தேர்ந்து, இதழையும் மகரந்தத் தாள்களையும் சூல்முடி சிதையாமல் நீக்கி, சிறு உறையால் மூடுகின்றனர். காலையில் மற்றொரு செடியின் மகரந்தத்தைக் கொணர்ந்து சூல்முடியில் தடவி, காம்பில் அடையாளச் சீட்டைக் கட்டுகின்றனர். வெயில் ஏறுமுன் இவ்வேலை முடியவேண்டும். காய் வெடிக்க ஏறத்தாழ ஏழு வாரம் ஆகும்.